மலையில் முளைத்த கண்டல்

ஸபீனா சிரித்த சிரிப்பில், பச்சை நிழல்வலைக்கு மேல் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து பறந்தது.

நான் கையில் நீர்த்தெளிப்பானோடு நின்றேன். என் முன்னால் வரிசை வரிசையாகக் கறுப்புப் பொலித்தீன் பைகள். ஒவ்வொரு பையிலும், கடலோர உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் கன்று ஒன்று. நேராக, கொழுகொழுவென்று, இரண்டு சோடி இலையோடு. கலஹா போகும் பாதையில், கண்டியிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில், சுற்றிலும் மலை. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டிய இடம்.

"என்னா புள்ள இது? கண்டலா?"

"ம்."

"இஞ்சயா?"

"ஆமா. ஏன், நல்லாத்தானே வந்திருக்கு?"

அவள் குனிந்து தெளிப்பானுக்குள் விரலை விட்டு நக்கினாள். நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு மாதிரியான பயம்.

"உப்பு போட்டீக்கியா?"

"ஒரு வாளிக்கு ஒரு பிடி."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்துகொண்டிருந்த அவளுடைய அண்ணன் ரிஸ்வானைக் கூப்பிட்டாள். "நானா, ஓடி வாங்க! இந்தப் புள்ள மலைல கண்டலுக்கு ரசம் வெச்சி ஊத்துது!"

இந்தத் தொடரில் சென்ற வாரம் தெல்தோட்டைப் பள்ளிக்கூடப் படிக்கட்டில் என் கதையை நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஒழுங்காகத்தான் தொடர நினைத்தேன். முடியவில்லை. இந்தச் சிரிப்பு குறுக்கே வந்து நிற்கிறது. இதை இறக்கி வைத்தால்தான் மற்றதை எழுத முடியும்.

யார் இந்த ஸபீனா?

புத்தளம் களப்பின், அதாவது கடலோடு சேர்ந்த உப்பேரியின், கரையில் ஒரு சிறு கிராமம். ஸபீனாவுக்கு என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம். மட்டி பொறுக்குவாள், நண்டுக்கூடு கட்டுவாள், இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குவாள், மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டே போனிலும் பேசுவாள். அவளுடைய நானா ரிஸ்வான் நண்டு பிடிப்பவர். நாளொன்றுக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். தங்கச்சி பேசுவதிலேயே குடும்பத்தின் பங்கு தீர்ந்துவிடுகிறது.

அவர்கள் வீட்டுக்கும் களப்புக்கும் நடுவில் முன்பு ஒரு கண்டல் காடு இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் யாரோ வந்து அதற்குள் இறால் பண்ணை போட்டார்கள். காட்டைச் சுற்றி மண்ணால் உயரமான வரம்பு கட்டினார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் வந்தவர்கள் போய்விட்டார்கள். வரம்பு மட்டும் போகவில்லை.

வரம்புக்கு உள்ளே மிஞ்சிய மரங்களுக்குக் களப்புத் தண்ணீர் வருவது நின்றது. வெயிலில் உப்புப் பூத்து, மரம் ஒவ்வொன்றாக நின்ற நிலையிலேயே காய்ந்தது. அதோடு இன்னொன்று. உள்நிலத்திலிருந்து வரும் மழைத் தண்ணீர் களப்புக்குள் இறங்க வழியில்லாமல் வரம்பில் முட்டித் திரும்பி வீடுகளுக்குள் ஏறியது. முன்பு ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பரவிப் பெய்த மழை இப்போது இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. போன மாரியில் ஸபீனா சோறாக்கும் குசினிக்குள் தண்ணீர் ஏறி, பத்து நாள் நின்றது. மண்சுவரின் அடிப்பாகம் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

"இன்னொரு மழ இப்படி வந்தா ஊடு நிக்காது. புள்ளயளோட டவுனுக்குப் போயிரோணும்," என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அதற்காகத்தான் அண்ணனும் தங்கையும் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி, குருநாகல் வழியாகக் கண்டிக்கு வந்து, குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி, என்னோடு கலஹா பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வரம்பை மூன்று இடத்தில் வெட்டித் திறக்க வேண்டும். மழைக்கு முன்னால். அதற்குப் பிரதேச செயலகத்தில் கேட்டபோது, அந்த இடம் 'மரநடுகைத் திட்டத்துக்காக' கண்டியிலுள்ள ஓர் அமைப்பிடம் கொடுக்கப்பட்டிருப்பதால் அவர்களின் கையொப்பம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அமைப்பில்தான் நான் வேலை பார்த்தேன். அந்த மரநடுகைத் திட்டம் என்னுடையது.

தேயிலை வீட்டுப் பிள்ளை

மலையில் கண்டல் வளர்க்கும் யோசனை எந்தப் புத்திசாலிக்கு வந்தது என்று கேட்பீர்கள். எனக்குத்தான்.

என்னுடைய நியாயத்தையும் கேளுங்கள். நான் தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு செடியை எப்படி வளர்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையில் மண் நிரப்பு, நிழல் கட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளி, கொஞ்சம் கொஞ்சமாக நிழலை நீக்கி வெயிலுக்குப் பழக்கு, பிறகு கயிறு பிடித்து வரிசையாக நடு. தேயிலை அப்படித்தான் வந்தது. மலை முழுக்க அப்படித்தான் வந்திருக்கிறது. கண்டல் மட்டும் ஏன் வராது?

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். எங்கள் பக்கம் நாற்று வளர்க்கும் இடத்தைத் தவறணை என்போம். எங்கள் பணிப்பாளர் சிவபாலன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே தவறணை என்றால் கள்ளுக்கடை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "காலையில ஆறு மணிக்கே தவறணைக்குப் போயிட்டு அங்கிருந்து நேரா ஒபிசுக்கு வந்துடுறேன் சேர்" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. அன்று மதியம் கதவைச் சாத்திவிட்டு, "பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

என் அப்பா தோட்டத்தில் மலை மேற்பார்வை. அவருடைய மலையில் ஒரு புல் நிற்காது. "மலைய பாத்தா மொகம் கழுவின மாதிரி இருக்கணும்" என்பார். அந்தக் கண்ணோடுதான் நான் முதல்முறை களப்புக் கரைக்குப் போனேன், ஸபீனா சிரித்ததற்கு முந்தைய வருடம். கண்டியிலிருந்து இரண்டு பஸ் நிறைய மாணவர்கள், ஒரு பதாகை, சாப்பாட்டுப் பார்சல்கள். நடப்போகும் இடம் வரம்புக்கு வெளியே, களப்போரமாக ஒரு சேற்றுவெளி. அங்கே தரையோடு தரையாகச் சிவப்பும் பச்சையுமாக ஏதோ படர்ந்து கிடந்தது.

"இந்தப் புல்ல முதல்ல எடுக்கணும்," என்றேன்.

அரை நாளில் எடுத்துவிட்டோம். கயிறு கட்டி, வரிசை பார்த்து, கன்றுகளை நட்டோம். முடிந்தபோது அந்த இடம் முகம் கழுவின மாதிரி இருந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார்.

உமிரி

நான் புல் என்று சொன்னது உமிரி. கீரையாகச் சமைப்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அதைப் பிடுங்குவதில்லை, நுனியை மட்டும் கிள்ளுவார்கள். அது ஏன் என்பதை, உப்புத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில், சிரித்து ஓய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸபீனா சொன்னாள்.

"கண்ணாண்டு இன்னொரு சாதிக் கண்டல் ஈக்கிதானே, அதுட காய் உளுந்தா மெதக்கும். தண்ணி வார நேரம் வரும், போற நேரம் போவும். நிக்க ஒரு பிடி வேணாமா? உமிரிலதான் சிக்கும். சிக்கின எடத்துல வேர் உடும். உமிரி இல்லாட்டி வெறும் சேறு. வழுக்கிட்டுப் போயிரும்."

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சென்னேனே! 'இத ஏன் புடுங்குறீங்க'ண்டு கேட்டேன். நீ என்னா சென்ன? ஞாபகம் ஈக்கா?"

இருந்தது. களை கன்றோடு சத்துக்குப் போட்டி போடும் என்று அந்தச் சேற்றில் நின்றுகொண்டு அவளுக்குப் பத்து நிமிடம் விளக்கியிருந்தேன். கையசைத்து.

"மறுகா நான் ஒண்டும் பேசல்ல. ஊருக்கு வந்த ஆக்கள், சோத்துப் பார்சல் வேற தந்தீங்க. என்னண்டு செல்ற?"

ரிஸ்வான் நானா அன்றைய பத்து வசனங்களில் முதலாவதைச் செலவழித்தார். "நீங்க நட்ட கண்டலும் ஆழம் கூடின எடத்துல. மூச்சு முட்டிச் செத்திச்சி."

அவை செத்தது எனக்குத் தெரியும். இதை எழுதாமல் தாண்டிப்போக முடியாது. நட்டு மூன்றாவது வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன், எல்லாம் பச்சையாக நின்றன, படம் எடுத்தேன். அதன்பிறகு மாணவர்களின் பரீட்சை, மழை, வேறு வேலை. திட்டத்துக்குக் காசு தருபவர்கள் ஆறு மாத அறிக்கை கேட்டபோது அந்தப் படத்தை ஒட்டி, 'வளர்ச்சி திருப்திகரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஸபீனா ஒரு படம் அனுப்பினாள். குச்சிகள். வரிசை மட்டும் நேராக இருந்தது.

அதை யாரிடமும் காட்டவில்லை. அடுத்த தடவை ஒழுங்காகச் செய்து சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கன்று சின்னதாக இருந்ததுதான் பிழை, பெரிதாக வளர்த்து நட்டால் நிற்கும் என்று எனக்கு நானே முடிவெடுத்து, சாக்குச் சாக்காகக் கண்டல் காய்களை லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தேன். அந்தத் திருப்திகரமான அறிக்கையை நம்பித்தான் இரண்டாவது நடுகைக்கும் சம்மதம் கிடைத்தது. இரண்டாவது நடுகை நடப்பதால்தான் வரம்பைத் தொட முடியாது.

ஸபீனாவின் குசினிச் சுவருக்கும் என்னுடைய ஒரு சொல்லுக்கும் இவ்வளவுதான் தூரம்.

மேசையைச் சுற்றி நான்கு பேர்

சிவபாலன் சேர் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். தவறணையிலிருந்து ஒபிசுக்கு வந்தவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார், தேநீர் வந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பின்னேர மழை. கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் எல்லோரும் கொஞ்சம் உரத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"ஓம், உங்கட கஷ்டம் விளங்குது," என்றார் சேர். "ஆனா கண்டுகள் ரெடி. நடுகைக்கு நாள் குறிச்சாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு. நீங்கள் இப்ப வந்து நட வேண்டாம், வரம்பை வெட்டுவம் எண்டால், நான் உதுகளை என்ன செய்யிறது?"

"சேர், மரம் எங்களுக்கு வாணாம்," என்றாள் ஸபீனா.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "மரம் வேண்டாமோ?"

"வாணாம்ண்டா, நட வாணாம். வரம்ப தொறந்தா தண்ணி வரும். தண்ணி வந்தா காய் வரும். காய் வந்தா மரம் வரும். மழத் தண்ணியும் எறங்கிப் போவும். ஊடும் நிக்கும்."

"போன முறை நட்டது நல்லா வந்திருக்கெண்டுதானே அறிக்கை. பிறகேன் நட வேண்டாம்?"

ஸபீனா என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். ரிஸ்வான் நானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்களுக்குத் தெரியும். அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதியைக் கிராமத்துச் சங்கத்துக்கும் நானே அனுப்பியிருந்தேனே! சொல்லியிருந்தால் அந்த நிமிடத்திலேயே அவர்களுடைய காரியம் முடிந்திருக்கும். இருந்தும் இருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"சேர்," என்றேன். "போன முறை நட்டதில ஒண்ணும் இல்ல."

"என்ன இல்லை?"

"ஒரு கன்னுகூட இல்ல. எல்லாம் செத்திருச்சு. நான் மூணாவது வாரத்துப் படத்த வச்சு அறிக்கை எழுதினேன். செத்தது தெரிஞ்ச பெறகும் மாத்தல."

சேர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு கழற்றினார். ஒரு சின்னக் குரலில், "என்ன பிள்ளை இது," என்றார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுந்து வெளியே போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. போனால் கையொப்பமும் என்னோடு போய்விடும். எனவே நிறுத்தாமல் பேசினேன். உமிரியை நான் பிடுங்கச் சொன்னதை, சாப்பாட்டுப் பார்சல் குவித்து வைத்திருந்த ஒரு மூலையை மட்டும் களையெடுக்காமல் விட்டதை, அந்த மூலையில் மட்டும் யாரும் நடாமலே கண்ணாக் கன்றுகள் வந்து நிற்பதை. அந்த மூலையின் படமும் ஸபீனா அனுப்பியதுதான். போனை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

சேர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

தாழ்கிற இடம்

"சரி. எங்க வெட்டப் போறியள்? நினைச்ச இடத்தில வெட்டேலாதுதானே?" அவர் இப்போது ரிஸ்வான் நானாவிடம் கேட்டார்.

"பழைய ஓட ஈந்த எடத்துல, சேர்."

"ஓடை எங்க இருந்ததெண்டு எப்பிடித் தெரியும்? பண்ணை போடேக்க எல்லாம் மூடியிருப்பாங்களே. வரைபடம் ஏதும் இருக்கோ?"

"வரம்பு தாழ்ற எடம் சேர். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரித்தான் மண் போட்டாங்க. ஆனா மூணு எடம் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் தாழும். மண் போட்டு ஒசத்தினாலும் அடுத்த மழைக்குத் தாழும். அதுக்கு அடியிலதான் ஓட. மூடினாலும் தண்ணிக்கு அதுட பாத தெரியும். நண்டும் அங்கதான் பொந்து வெக்கும்."

எனக்கு எங்கள் மலைப்பக்கத்து இடமொன்று ஞாபகம் வந்தது. ஹுன்னஸ்கிரியவில் என் சித்தி வீட்டுக்குக் கீழே பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தார் போடுவார்கள், ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் ஒரு சாண் தாழும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதைப் பார்த்தே, 'அடியில ஊத்து இருக்கு, அதுக்கு மேல வீடு கட்டாதீங்க' என்பார்கள். பெருமழை வந்து மண் சரிந்தபோது, அந்தச் சொல்லைக் கேட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளில் ஒரு ஓடுகூடக் கழலவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் ஆட்கள் சொன்னபோது அறிவாகத் தெரிந்தது. களப்புக்காரர்கள் சொன்னால் மட்டும் ஏன் நான் கையசைத்து விளக்கம் கொடுத்தேன்?

"சேர், ஹுன்னஸ்கிரிய ரோட்டுல அந்த வளைவு..." என்று தொடங்கினேன்.

"அறிவன், அறிவன். என்ர காரின்ட அடி ரெண்டு தரம் அதில அடிபட்டது," என்றார். சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். அவருக்கும் விளங்கிவிட்டது என்று அவர் கை பேனையைத் தேடியதிலிருந்து கண்டுகொண்டேன்.

உடனே கையொப்பம் போட்டுவிடவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். "நீர் அந்த அறிக்கையைத் திருத்தி எழுதும். செத்தது செத்ததெண்டு எழுதும். அதுக்குப் பிறகுதான் இது. காசு தாறவையள் கோவிச்சுத் திட்டத்தை நிப்பாட்டினாலும் நிப்பாட்டட்டும்."

அந்த மேசையிலேயே எழுதினேன். அரைப் பக்கம். எழுதி முடித்தபோது மழை விட்டிருந்தது.

"வெட்டுறதுக்கு பெக்கோ மெஷின் ஒண்டு பிடிச்சுத் தரலாம்," என்று கையொப்பமிட்ட கடிதத்தை நீட்டிக்கொண்டே சேர் சொன்னார்.

ரிஸ்வான் நானா தலையை ஆட்டினார். "வரம்பு தாங்காது சேர். பெக்கோவும் சேர்ந்து பொதஞ்சிரும். கையாலதான் வெட்டோணும். எங்கட ஊர்ல மம்பட்டி புடிக்க ஆள் காணா, எல்லாரும் வலைக்காரங்க."

"அப்ப மழைக்கு முதல் முடியுமோ?"

நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடலில் கான்

"அப்பா, கான் வெட்ட ஆள் வேணும்."

"எந்த மலையில?"

"மலையில இல்ல. புத்தளத்துல. களப்புக்குப் பக்கத்துல."

"ஏன் பாப்பா, கடல்ல கான் வெட்டப் போறியா?"

தேயிலை மலையில் மழைத் தண்ணீரை மண்ணரிக்காமல் வடியவிடக் குறுக்கே வெட்டும் வாய்க்காலுக்குக் கான் என்று பெயர். அதை எங்கள் ஆண்களைப் போல வெட்ட இந்தத் தீவில் ஆளில்லை என்பது என் எண்ணம். முழுதும் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அறிக்கை விஷயத்தையும் சொன்னேன். அப்பா, "எத்தன அடி ஆழம்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேனில் என்னோடு ஐந்து பேர். அப்பா, அவருடைய மூன்று கூட்டாளிகள், புசல்லாவையிலிருந்து என் மாமா. ஐந்து மம்பட்டி, இறுகிய மண்ணை இடிக்க ஒரு அலவாங்கு. குருநாகல் தாண்டியதும் வெக்கை தாங்காமல் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள்.

முதல் சண்டை முதல் அரை மணி நேரத்திலேயே வந்தது. அப்பா கயிறு கட்டத் தொடங்கினார். ரிஸ்வான் நானா கயிற்றை அவிழ்த்தார்.

"நேரா வெட்ட வாணாம், மாமா. நெளிச்சி வெட்டுங்க."

"நெளிச்சா? கான நெளிச்சு வெட்டுனா எங்க தோட்டத்துல அரைப்பேருதான் போடுவாங்க தம்பி." அரை நாள் சம்பளம்தான் தருவார்கள் என்று அர்த்தம்.

"நேரா வுட்டா தண்ணி ஓடி வந்து கரையத் தின்னும். ஓட நெளிஞ்சிதான் ஈந்திச்சி."

"தண்ணி மேலருந்து கீழ போறதுக்கு எதுக்குங்க நெளிவு?"

"இது மேலருந்து கீழ மட்டும் போற தண்ணி இல்ல மாமா. திரும்பியும் வரும்."

அப்பா மம்பட்டியை ஊன்றி நின்றுவிட்டார். வாழ்க்கை முழுக்கக் கான் வெட்டியவர், வெட்டிய கானில் தண்ணீர் திரும்பி வரும் என்று அன்றைக்குத்தான் கேட்கிறார். என் மாமா பக்கத்திலிருந்து, "விடுங்க மச்சான், இவரு மலை இது. இவரு சொல்றபடி வெட்டுவோம்," என்றார். வரம்பு தாழ்ந்திருந்த இடத்தில் இரண்டு முழம் தோண்டியதும் கறுப்பாகச் சேறு வந்தது. அழுகிய முட்டை நாற்றம். ரிஸ்வான் நானா அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார். ஓடையின் பழைய மண். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் இரண்டு வெட்டு. ஊர் ஆண்கள் மண்ணைச் சாக்கில் அள்ளினார்கள், பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். என் உள்ளங்கையில் ஆறு கொப்புளம். கடைசி ஒரு அடி மண்ணை வெட்ட அப்பா மம்பட்டியை ஓங்கியபோது ஸபீனா ஓடிவந்து அதைப் பிடித்தாள்.

"இது என்ட ஊட்டுக்குப் போற வழி. நான் வெட்டுறன்."

வெட்டினாள். ஆர்ப்பரித்து வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது ஒரு விரல் அகலத்துக்கு, பழுப்பாக, நுரையோடு, தயங்கித் தயங்கி. அரை மணி நேரத்தில் கணுக்காலளவு. உப்புப் பூத்து வெடித்த தரை மேல் அது பரவும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, சூடான தட்டில் தண்ணீர் தெளித்த மாதிரி.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"இதான் வேணும்," என்றார் ரிஸ்வான் நானா.

மழை

வரம்பை வெட்டிய மூன்றாவது வாரம் மழை வந்தது. நான் கண்டியில். திட்டத்துக்குக் காசு தருபவர்களிடமிருந்து சிவபாலன் சேரின் மேசைக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று, என் அறிக்கையைப் பற்றி விளக்கம் கேட்டு. மற்றது, நடுகை விழாவை நிறுத்தியதற்கு வருத்தம் தெரிவித்து. இரண்டுக்கும் நானே பதில் எழுத வேண்டும் என்றார். எழுதினேன். தவறணையில் நின்ற கன்றுகளில் கொஞ்சத்தை ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தக் கேட்டார், கொடுத்துவிட்டோம். மிச்சத்தை நானே பையிலிருந்து உதிர்த்துக் கொட்டினேன். கை கூசியது. பாதியில் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஸபீனாவின் போன் எடுபடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி முத்தத்துக்கு வந்திச்சி. குசினி வாசப்படி மட்டும் ஏறிச்சி. அதுக்கு மேல ஏறல்ல. இண்டைக்குக் காலைல பாத்தா வடிஞ்சி போயிட்டு. ஒரு நாள்தான் புள்ள, ஒரே ஒரு நாள்! செவுரு நிக்கி. நாங்க டவுனுக்குப் போகல்ல."

நான் அதை நான்கு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை சேருக்குப் போட்டுக் காட்டினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கிணறு இன்னும் உப்புக் கரிக்கிறது. காய்ந்த மரங்கள் காய்ந்தபடிதான் நிற்கின்றன. அடுத்த மழை இதைவிடப் பெரிதாக வந்தால் இரண்டு வெட்டு போதாது என்று ரிஸ்வான் நானா சொல்கிறார். மூன்றாவது இடம் இன்னும் மூடிக்கிடக்கிறது. அங்கே வரம்பு அகலம், ஐந்து மம்பட்டிக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

போன வாரம் தெல்தோட்டைக்குப் போயிருந்தேன். அப்பா லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மம்பட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான்கு பேர் அல்ல, ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஆள் கேள்வி. ஒருவர் கேட்டார், "தண்ணி நெசமாவே திரும்பி வருமா?"

"வந்து பாரு," என்றார் அப்பா.

எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை வெட்டத் தொடங்குகிறோம்.